வெள்ளையம்மாளும் ஏகாதசி மாத்திரையும்

“அகத்திக்கீரை சாப்பிட்ட அன்னிக்கு மாத்திரை சாப்பிடலாமா, கூடாதா?”

போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு காலை நேரம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்த பேட்டரி ஆட்டோவில், டிரைவர் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. பின்னால் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்த நானும் அதில் ஒரு ஆள். பயாலஜியில் நல்ல மார்க்குதான். ஆனாலும் எனக்குப் பதில் தெரியவில்லை. மடியில் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாதான் வாயைத் திறந்தார்.

“அகத்தி மருந்தை முறிச்சிடும் தாயி. ரெண்டையும் ஒண்ணாச் சேக்கக் கூடாது.”

“அப்படித்தான் நானும் கேள்விப்பட்டேன்” என்று தலையாட்டிவிட்டு வெள்ளையம்மாள் வண்டியை மாம்பழச்சாலைப் பக்கம் திருப்பினாள். நாங்களும் தலையாட்டினோம். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

இனி நான் குறுக்கே வரமாட்டேன். இது வெள்ளையம்மாளின் கதை.

அவள் பிறந்தது ஜீயபுரத்தில், வாழைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த ஒரு ஓட்டு வீட்டில். பத்து வயதில் தொண்டை வலித்தது. பிறகு காய்ச்சல். பிறகு முழங்காலும் மணிக்கட்டும் மாற்றி மாற்றி வீங்கின. வளர்கிற பிள்ளைக்கு மூட்டு வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்தார்கள். காய்ச்சல் போய்விட்டது. போகிறபோது அவள் இதயத்தில் இருந்த ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது.

இருபத்தொரு வயதில் மருதைக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீரங்கம் வந்தாள். மருதை காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிறவன். இளவேனில் என்று ஒரே மகள். முப்பத்து மூன்று வயதில், குடத்தோடு நாலு படி ஏறினாலே வெள்ளையம்மாளுக்கு மூச்சு முட்டியது. திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வால்வு கெட்டுப்போயிருக்கிறது, எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்றார்கள். வால்வு என்றால் ஒரு கதவு மாதிரி. ரத்தத்தை ஒரு பக்கம் விட்டுவிட்டு, திரும்பி வராமல் மூடிக்கொள்ளும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் படுத்திருந்த வார்டின் வடக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்தது. அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ரங்கா, என்னை எழுப்பி விட்டுடு. வருஷா வருஷம் மார்கழி ஏகாதசிக்குப் பச்சைத்தண்ணி பல்லுல படாம இருக்கேன். துவாதசிக்கு அகத்திக்கீரையோட விரதத்தை முடிக்கிறேன்.”

எழுந்துவிட்டாள். நெஞ்சுக்குள்ளே ஒரு சத்தத்தோடு எழுந்தாள். டிக், டிக், டிக். புது வால்வின் இரண்டு இதழ்களும் மூடும்போது எழுகிற சத்தம் அது. முதல் ஒரு வாரம் மருதைக்கு அதனால் தூக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றையே மூன்று தடவை சொன்னார். உலோக வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை, தினமும் ஒன்பது மணிக்கு, ஆயுசுக்கும். ஒரு நாள்கூட விடக் கூடாது. மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளையம்மாள் விடுகிற ஆளா? ஒரு தடவை முசிறியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், மாத்திரை டப்பாவை மறந்துவிட்டாள் என்று தெரிந்ததும் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து பஸ் பிடித்துத் திரும்பியிருக்கிறாள். சொந்தக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் அலட்சியக்காரி இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் பேட்டரி ஆட்டோ வாங்கினாள். பேட்டரி ஆட்டோவில் என்ஜின் சத்தம் கிடையாது. சிக்னலில் நின்றால் வண்டிக்குள் அவளுடைய டிக் டிக் மட்டும் கேட்கும். புதிதாக ஏறுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

“அக்கா, மீட்டர் ஓடுதா?”

“எந்த ஷேர் ஆட்டோவுலப்பா மீட்டர் இருக்கு? அது என் நெஞ்சு. காசு ஏறாது, பயப்படாம உக்காருங்க.”

அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கும் ஸ்டாண்டில் மொத்தம் ஒன்பது வண்டிகள். அதில் பெண்கள் ஓட்டுவது இரண்டு. இன்னொன்று டோரதியுடையது. பாலக்கரைக்காரி, ஐம்பது வயது, வாய்க்குப் பூட்டு கிடையாது. இரண்டு பேரும் மதியம் ஒரே வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். “உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா யாரோ டைம் பாத்துக்கிட்டே இருக்க மாதிரி இருக்குடி” என்று டோரதி தினமும் அலுத்துக்கொள்வாள்.

போன வருஷம் இளவேனிலுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. அரசாங்க சீட்டு. அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே வெள்ளையம்மாள் கோயிலுக்கு ஓடினாள். சந்தோஷம் தாங்காமல் வேண்டுதலையும் உயர்த்திக்கொண்டாள். வருஷத்துக்கு ஒரு ஏகாதசி போதாது, இனிமேல் மாதத்தில் வருகிற இரண்டு ஏகாதசிக்கும் விரதம்.

இங்கேதான் தப்பு நடந்தது. அதுவும் நல்ல புத்தியோடு, பக்தியோடு, ஒழுங்காக நடந்தது.

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் மாத்திரை விட்டுப்போனவரை எப்படியோ தப்பித்திருந்தாள். இப்போது ஏகாதசியன்று தண்ணீர்கூட இல்லை. ஆகவே மாத்திரை இல்லை. மறுநாள் துவாதசி. விடிந்ததும் அகத்திக்கீரையோடு விரதத்தை முடிக்க வேண்டும். அகத்தி மருந்தை முறிக்குமே? ஆகவே அன்றைக்கும் மாத்திரை இல்லை. கீரை வயிற்றை விட்டுப் போக வேண்டாமா? ஆகவே அதற்கு மறுநாளும் இல்லை. நாலாவது நாள் ஒன்பது மணிக்கு அலாரம் அடித்ததும் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொள்வாள். இப்படி மாதத்துக்கு இரண்டு தடவை.

ரத்தப் பரிசோதனைக்கும் போகத்தான் செய்தாள். ஆனால் ஏகாதசியை ஒட்டிய நாட்களில் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும், சவாரியை விட முடியாது. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் லேபுக்குப் போவாள். அப்போது அவள் ஏழெட்டு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டிருப்பாள். ரிசல்ட் ஓரளவு சரியாகவே வரும். லேபில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாசி மாதம் வந்தது. வண்டியிலிருந்து இறங்கி டீக்கடைக்கு நடந்தாலே மூச்சு இரைத்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் தலையணை இரண்டாக இருந்தது மூன்றானது. மருதை கேட்டபோது, “விரதம் இருக்கேன்ல, அசதி” என்றாள். ஹாஸ்டலில் இருந்த மகளிடம் போனில், “வெயில் ஜாஸ்தி” என்றாள்.

அன்றைக்குத் துவாதசி. மதியம் ஒரு மணி இருக்கும். வாகை மர நிழலில் டோரதியின் வண்டி. பின்சீட்டில் இரண்டு பேரும்.

“ஏண்டி வெள்ளை, சோத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க? சாப்பிடு.”

“முடியலக்கா. நெஞ்ச அடைக்குது.”

“நேத்து முழுக்க வயித்தக் காயப்போட்டா அடைக்காம? எனக்கும்தான் தவக்காலம். கறி மீனு இல்ல. ஆனா டீ குடிக்காதன்னு எங்க சாமி சொல்லல. உங்க சாமி ரொம்பக் கண்டிப்பு போல.”

வெள்ளையம்மாள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்று இருமலானது. டோரதி எலுமிச்சை சாதத்தை வாயில் வைத்தாள். மென்றாள். மெல்லுவதைச் சட்டென்று நிறுத்தினாள்.

“ஏய்.”

“என்னக்கா?”

“பேசாத. கொஞ்சம் மூச்ச அடக்கு.”

ஒரு நிமிஷம் போனது. டோரதியின் முகம் மாறியது.

“உன் சத்தம் எங்கடி?”

“எந்த சத்தம்?”

“அதான்டி, உன் டிக் டிக். கேக்கலையே.”

கை கழுவக்கூட இல்லை. டோரதி அப்படியே குனிந்து வெள்ளையம்மாளின் நெஞ்சில் காதை வைத்து அழுத்தினாள். எதிரே தன் லோடு ஆட்டோவில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பாசில் விசில் அடித்தான்.

“என்ன டோரதிக்கா, காலையில ரெண்டு பேரும் சவாரிக்குச் சண்ட போட்டீங்க. இப்ப என்ன ஒரேயடியா பாசம் பொங்குது?”

“வாய மூடுறா! பாட்ட நிறுத்து! எல்லாரும் பாட்ட நிறுத்துங்கய்யா!”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ஒன்பது வண்டிகளும் அடங்கின. டோரதி மறுபடி காதை வைத்தாள். நாலு வருஷமாகக் கேட்டுச் சலித்த அந்தக் கூர்மையான சத்தம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் மெதுவாக அடிக்கிற மாதிரி, தொப், தொப் என்று ஏதோ கேட்டது. அதுவும் தாறுமாறாக.

“ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றாள்.

“சும்மா இருக்கா. சாயங்காலம் நானே போய்...”

“கீழ இறங்கி ரெண்டு எட்டு நட பாப்போம். நடந்துட்டா நான் போகல.”

வெள்ளையம்மாள் காலைக் கீழே வைத்தாள். எழுந்தாள். வானம் ஒரு பக்கம் சாய்ந்தது. தொண்டைக்குள் தண்ணீர் ஏறுகிற மாதிரி மூச்சு கொளகொளத்தது. பாசில் ஓடி வந்து தாங்கிப் பிடித்து மறுபடி சீட்டில் உட்கார வைத்தான். சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். சாய்ந்ததும் மூச்சு அடியோடு நின்றுவிடும்போல இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சமாவது காற்று உள்ளே போனது. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

யாரோ 108க்குப் போன் போட்டார்கள். வண்டி வருகிறது, ஆனால் காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நெரிசலில் நிற்கிறது என்றார்கள். துவாதசிக் கூட்டம் ஊர் திரும்புகிற நேரம்.

“அது வர்றதுக்குள்ள நாம அங்க போயிரலாம்” என்று டோரதி ஹேண்டிலைப் பிடித்தாள். பேட்டரியில் இரண்டு கோடுதான் மீதி. விடியற்காலையிலிருந்து சார்ஜ் போடாமல் ஓட்டியிருந்தாள். வேறு வண்டிக்கு மாற்றலாம் என்றால் வெள்ளையம்மாளை அசைக்க முடியவில்லை.

அடுத்து நடந்ததை ஸ்டாண்டில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். பாசிலின் லோடு ஆட்டோ முன்னால் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. பின்னால் டோரதி. மாம்பழச்சாலையில் எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரர்கள், பாசில் கையை வெளியே நீட்டி ஆட்டுவதைப் பார்த்ததும் வண்டியைக் குறுக்கே போட்டு மற்றவர்களை நிறுத்தினார்கள். பஸ் டிரைவர் ஒருவர் கத்தினார். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவரே பஸ்ஸை ஓரம் கட்டினார்.

பாலத்தில் ஏறினார்கள். இரண்டு கோடு ஒன்றானது. பாதிப் பாலத்தில் அந்த ஒன்றும் மினுக்கியது. கீழே காவிரியில் மணல்தான் அதிகம். வெள்ளையம்மாள் கண்ணைத் திறந்து மணலைப் பார்த்தாள். உதட்டோரம் நுரை. “அக்கா, புள்ளைக்குப் பரீச்சை நடக்குது. சொல்லாதீங்க” என்றாள். அதைச் சொல்லவே மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

“பேசாத. நீயே சொல்லிக்க, நாளைக்கு.”

வண்டி நின்றது. பேட்டரி செத்துவிட்டது.

டோரதி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். உடனே சிலுவை போட்டுக்கொண்டாள். பாசில் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஒதுக்கி, அவர்கள் பின்னால் போனான். “நியூட்ரல்ல விடுக்கா! ஹேண்டில மட்டும் நேரா பிடி!” என்று கத்தினான். தன் வண்டியை ஓட்டிக்கொண்டே காலை நீட்டி டோரதி வண்டியின் பின் பம்பரில் ஊன்றினான். மக்கர் பண்ணும் ஆட்டோவை இப்படிக் காலால் தள்ளிக்கொண்டு போவது நம் ஊரில் தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அது மெக்கானிக் கடைக்குப் போகும். அன்றைக்கு ஒரு உயிர் போனது, அதாவது ஆஸ்பத்திரிக்குப் போனது. பாலத்தை முடித்து, சத்திரத்தைச் சுற்றி, ஆஸ்பத்திரி வாசல் வரை பாசில் காலை எடுக்கவே இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வால்வு வைத்த அதே ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் நெற்றி வியர்க்க ஒரு பெண் டாக்டர் வந்தார். டாக்டர் ஸஹ்ரா, இதய அறுவை சிகிச்சை செய்கிறவர். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். டோரதி எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே, “கிளிக் கேக்கல” என்றார். “எக்கோ மெஷின இங்கேயே கொண்டு வாங்க. இவங்கள படுக்க வைக்காதீங்க.”

முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கையில் ஊசி. நெஞ்சில் குளிர்ந்த பசை. திரையில் இதயம் துடித்தது. டாக்டர் ஒரு இடத்தை விரலால் காட்டினார். வால்வின் இரண்டு இதழ்களில் ஒன்று அசையவே இல்லை. இன்னொன்று பாதிதான் திறந்தது. இரண்டுக்கும் நடுவில் கட்டியாக ஏதோ.

“அம்மா, ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரைய விட்டீங்களா?”

வெள்ளையம்மாள் மாஸ்க்கோடு இல்லையென்று பலமாகத் தலையை ஆட்டினாள். “ஒரு நாளும்... விட்டதில்ல டாக்டர்.”

அவள் பொய் சொல்லவில்லை. விரதத்தில் சாப்பிடாததை விட்டதாக அவள் எண்ணியதே இல்லை.

பத்து நிமிஷத்தில் ரத்த ரிசல்ட் வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“மாத்திரை சாப்பிடுறவங்க ரத்தம் இப்படி இருக்காதும்மா. நான் திட்ட மாட்டேன். உள்ள அடைச்சிருக்கறது உறைஞ்ச ரத்தமா, இல்ல சதை வளர்ந்திருக்கான்னு நான் தெரிஞ்சுக்கணும். உங்களுக்கு நேரம் ரொம்பக் கம்மி. உண்மையச் சொல்லுங்க.”

அந்த நேரம் பார்த்து மருதை வேர்த்து விறுவிறுத்து உள்ளே ஓடி வந்தான். தோளில் வாழைக்கறை படிந்த துண்டு. வெள்ளையம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

“நேத்து... ஏகாதசி. சாப்பிடல. இன்னிக்கு... அகத்தி. சாப்பிடக் கூடாதுல்ல?”

“எத்தன நாள் இப்படி?”

அவள் மூன்று விரலைக் காட்டினாள். பிறகு, “மாசம்... ரெண்டு தடவ. ஆனியிலேர்ந்து.”

மருதை அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். “அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“உறைஞ்ச ரத்தம்தான்” என்று டாக்டர் பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். “தியேட்டரத் தயார் பண்ணுங்க. இப்பவே.” மருதை பக்கம் திரும்பினார். “கட்டியக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா கட்டி பெருசு, நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. ஊசி வேலை செய்யறவரைக்கும் இவங்க தாங்க மாட்டாங்க. நெஞ்சத் திறந்து பழைய வால்வ எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். ரெண்டாவது ஆபரேஷன், ஆபத்து அதிகம்தான். செய்யலன்னா இன்னிக்கே முடிஞ்சிரும்.”

மருதை கையெழுத்துப் போட்டான்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். வெள்ளையம்மாள் டாக்டரின் பச்சை உடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. உயிரைவிட அதுதான் அப்போது பெரிதாக இருந்தது.

“நான் வேண்டிக்கிட்டதாலயா டாக்டர்... எனக்கு இப்படி?”

டாக்டர் ஸஹ்ரா நடந்துகொண்டே குனிந்தார். “இல்லம்மா. நானும் நோன்பு வைக்கிறவதான். மாத்திரைய விட்டதால வந்துச்சு. அவ்வளவுதான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. இப்பக் கண்ண மூடுங்க.”

அவள் மூடினாள். கதவு திறந்து மூடியது. அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தெரியாததை எல்லாம் பின்னால் டோரதிதான் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்ன விதத்தில்தான் சொல்ல வேண்டும்.

“ஆறு மணி நேரம்டி! வெளிய பெஞ்சுல ஒரு கோடியில உன் புருஷன் ‘ரங்கா ரங்கா’ங்கிறாரு. இன்னொரு கோடியில நான் ஜெபமாலை உருட்டுறேன். நடுவுல பாசில் உக்காந்து காலத் தேச்சுக்கிட்டு இருக்கான், பம்பர்ல ஊன்னதுல கணுக்கால் வீங்கிப்போச்சு. மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. பாத்தா அழுதிருவோம்.”

“அப்புறம்?”

“உன் இதயத்த நிறுத்திட்டு மெஷின்ல ஓட்டினாங்களாம். பழைய வால்வ எடுத்தாங்க. டாக்டரம்மா போட்டோ காட்டினாங்கடி. கருஞ்சிவப்பா, பழைய வெல்லம் மாதிரி அப்பியிருக்கு. புதுச தச்சு முடிச்சிட்டு இதயத்த ஓடவிட்டா, ஓடல.”

வெள்ளையம்மாளுக்கு அதைக் கேட்டபோது, தான் உயிரோடு படுத்துக்கொண்டு கேட்கிறோம் என்பதே மறந்துவிட்டது. “ஓடலியா?”

“மொத ஷாக்கு, ஒண்ணுமில்ல. ரெண்டாவது ஷாக்கு, நடுங்கிச்சாம், நின்னுருச்சாம். மூணாவதுக்குத்தான் பிடிச்சிருக்கு. நர்சம்மா ஓடியாந்து சொன்னப்ப பாசில் பய என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அன்னிக்கு ஸ்டாண்டுல எங்கள நக்கல் பண்ணினவன்! நான் விடுவேனா? ‘என்னடா ஒரேயடியா பாசம் பொங்குது’ன்னேன்.”

சிரித்தால் நெஞ்சுத் தையல் வலித்தது. இருந்தாலும் வெள்ளையம்மாள் சிரித்தாள்.

மூன்று நாள் மூச்சுக்கு மெஷின். ஒரு வாரம் காய்ச்சல். சிறுநீரகம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பதினெட்டாம் நாள் மெதுவாக நடந்து வாசல் வரை வந்தாள். இளவேனிலுக்குப் பரீச்சை முடிந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் வந்து அம்மாவின் மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதாள், ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். “நான் நர்சிங் படிக்கிறேன். என்கிட்ட கேக்காம, வண்டியில ஏறினவங்ககிட்ட கேட்டியாம்மா?”

“உனக்கு சீட்டு கிடைச்சதுக்குத்தான்டி விரதமே” என்றாள் வெள்ளையம்மாள். மகள் மருந்துச் சீட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் ஸஹ்ரா கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். கீரை ஒரேயடியாக அதிகமானால் இந்த மாத்திரையின் வேகம் குறையும், அது உண்மைதான். அதனால் கீரையை எப்போதும் ஒரே அளவில் சாப்பிட வேண்டும், ரத்தத்தைப் பார்த்து மாத்திரை அளவை டாக்டர் மாற்றுவார். கீரைக்காக மாத்திரையை நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும். விரதம் இருக்க ஆசை என்றால் முன்கூட்டியே கேட்டுவிட்டு இருக்கலாம், மாத்திரை மட்டும் ஒன்பது மணிக்கு உள்ளே போயாக வேண்டும்.

“தண்ணி குடிச்சா விரதம் கலைஞ்சிடும் டாக்டர்.”

“அத நீங்க உங்க பெருமாள்கிட்டப் பேசிக்குங்க. வால்வுகிட்ட என்னால பேச முடியாது.”

மூன்று மாதம் கழித்து முதல் தடவையாகக் கோயிலுக்குப் போனாள். நீண்ட வரிசை. பெருமாளுக்கு முன்னால் நின்றபோது வரிசையில் பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், பேச நேரமே இல்லை. சட்டென்று சொல்லிவிட்டாள்: “விரதம் இருப்பேன். மாத்திரைய மட்டும் விட மாட்டேன். அதுக்கு ரெண்டு மடக்குத் தண்ணி குடிப்பேன். கோவிச்சுக்காத.”

அடுத்த ஏகாதசியன்று ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தது. டம்ளரில் இரண்டு மடக்குத் தண்ணீர். மருதை எதிரே உட்கார்ந்து அவள் விழுங்குகிற வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்தான். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னான். “நான் என்ன சின்னப் புள்ளையா?” என்று கத்திக்கொண்டே அவள் திறந்து காட்டினாள்.

இப்போது மறுபடி ஆட்டோ ஓட்டுகிறாள். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்கிறாள். போன வாரம் பாலத்தில் நெரிசலில் நின்றபோது, முழுக் கதையையும் என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “நான் இப்படி ஆறு ஆறு பேரா ஏத்திச் சொல்லிக்கிட்டிருந்தா எப்ப ஊருக்கெல்லாம் சொல்லி முடிக்கிறது? நீ படிச்ச புள்ளதானே, எழுதேன்” என்றாள். அதனால்தான் எழுதினேன்.

எழுதியாகிவிட்டது. மீதி உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நெஞ்சில் உலோக வால்வு வைத்துக்கொண்டு ஏகாதசியோ தவக்காலமோ ரமலானோ நோற்கிறவர் யாராவது இருப்பார். வாசிக்கத் தெரிந்தவர் என்றால் இதைக் கொடுங்கள். தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். மாத்திரையை நிறுத்தும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அவர் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லட்டும்.